பனிமலையின் பதிலாள்

பியோ கில்சு தினமும் காலை எட்டு மணிக்கு வேலைக்குப் போய் ராஜாவாக உட்காருவான். இரவு எட்டு மணிக்கு எழுந்து வீட்டுக்கு வருவான். சம்பளம் மாதம் இருபத்துநாலு லட்சம் வொன். கேட்கத்தான் பெரிது, அங்கே அது சுமாரான கூலி. மதியச் சாப்பாடு முதலாளி செலவு.

இஞ்சோன் நகரத்தில், புப்யொங் சந்தைக்குப் பின்தெருவில், கீழே பன்றிக்கறி வாட்டும் கடை இருக்கிற ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடி அது. கடையின் கொழுப்பு வாடை படியேறி வந்து அந்த அறையிலேயே குடியிருந்தது. கம்ப்யூட்டர் ஆறு, நாற்காலி ஆறு, ஜன்னல் ஒன்று. திரையில் வெயில் அடிக்கிறதென்று அந்த ஒன்றையும் அட்டை வைத்து அடைத்திருந்தார்கள். நாற்காலிக் கைப்பிடியைத் தொட்டால் விரல் ஒட்டும். சாம்பல் கிண்ணத்தை யாரும் கழுவினதாகத் தெரியவில்லை. இந்த அறையிலிருந்துதான் ஒரு ராஜ்ஜியம் நடந்தது.

ராஜ்ஜியம் என்றால் இணைய விளையாட்டில். கோட்டை உண்டு, சந்தை உண்டு, குகை உண்டு, குகைக்குள் பூதங்கள் உண்டு. பூதத்தைக் கொன்றால் பொருள் விழும். பொருளைச் சந்தையில் விற்றால் வைரம் கிடைக்கும். அந்த வைரத்தை நிஜப் பணம் கொடுத்து வாங்க வெளியே ஆள் காத்திருந்தார்கள். பத்து நிமிடத்தில் வங்கியில் வொன் வந்து விழுந்துவிடும். பூதம் பொய், பணம் நிஜம். பணம் நிஜமாக இருக்கிற இடத்துக்கு ரௌடி வராமல் இருப்பானா? வந்தான். கோட்டையைப் பிடித்த கூட்டம் சந்தையில் விற்கும் ஒவ்வொன்றுக்கும் வரி எடுத்தது. நல்ல குகைகளுக்குக் காவல் போட்டது. கேட்காமல் நுழைந்தவன் பெயர் கொலைப் பட்டியலில் ஏறியது. ஏறிவிட்டால் கூட்டத்து ஆள் எவனும் அவனைக் கண்ட இடத்தில் வெட்டலாம். பெயரை எடுக்க வேண்டுமானால் மன்னிப்புக் கடிதம் எழுதி, கூடவே பணமும் அனுப்ப வேண்டும். பேரன் பேத்தி எடுத்த மனிதர்களெல்லாம், இனி உங்கள் குகைப் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டேன் என்று எழுதி அனுப்பினார்கள். அந்தக் கடிதங்களை எல்லாரும் பார்க்கும்படி ஒட்டிவைத்துச் சிரித்தார்கள். விளையாட்டை நடத்திய கம்பெனி கண்ணை மூடிக்கொண்டது. ராஜாக்கள் அடித்துக்கொண்டால்தானே ஆயுதம் விற்கும்.

அந்த ராஜ்ஜியத்து ராஜாவின் பெயர் பனிமலை. வெள்ளை முடி, நீலப் போர்வை, ஆள் உயரத்துக்கு ஒரு வாள். பனிமலை சந்தைக்குள் நடந்து வந்தால் இருநூறு பேர் குனிவார்கள்.

பனிமலையை வளர்த்தவன் கில்சுதான். அப்போது அவன் சுற்றுலா பஸ் டிரைவர். கிழவிகளையும் கிழவர்களையும் இலையுதிர்கால மலை பார்க்கக் கூட்டிக்கொண்டு போய் விட்டுவிட்டு, அவர்கள் இறங்கிவரும்வரை பக்கத்திலிருக்கும் கம்ப்யூட்டர் கடையில் உட்கார்ந்து ஆடுவான். பதினான்கு வருஷம் அப்படி ஆடினான். பிறகு நோய் வந்து உலகமே கதவை மூடிக்கொண்ட வருஷம், பஸ் ஓடவில்லை. மனைவி சுன்யே ரொட்டிக் கடையில் வாங்கிய சம்பளம் வாடகைக்கே போதவில்லை. கில்சு பனிமலையை விற்றான். நாலு கோடி வொன்னுக்கு விலை போனது.

வாங்கியவர் மேங் தெசிக். பன்றிக்கறி மொத்த வியாபாரி. கட்டடம் அவருடையது, கீழே இருக்கும் கடையும் அவருடையது. ஊரில் எல்லாரும் அவரைத் தலைவர் என்பார்கள். எதற்குத் தலைவர் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஐம்பது கோடி வொன்னுக்கு மேல் கொட்டி பனிமலைக்கு வாளும் கவசமும் வாங்கிப் பூட்டினார். ஆனால் மனிதருக்கு ஆடத் தெரியாது, பொறுமையும் கிடையாது. ராஜாவோ இருபத்துநாலு மணி நேரமும் விழித்திருக்க வேண்டும். அதற்குப் பதிலாள் வேண்டும். விசாரித்தார். வேலையில்லாமல் இருந்த கில்சுவே வந்து நின்றான். குதிரையை விற்றவன் அதே குதிரைக்குப் புல் வெட்டப் போன கதைதான்.

அவன் ஒருவன் மட்டும் இல்லை. அந்த உலகத்தில் பெரிய தலை ஒவ்வொன்றுக்கும் ஒரு முதலாளி, ஓட்டுவதற்கு இரண்டு மூன்று பதிலாட்கள். பனிமலையைப் பகலில் கில்சு ஓட்டினான், இரவில் தொக்கோ என்கிற முப்பது வயதுக்காரன். எதிரே நிற்கும் வீரனுக்குள் இப்போது இருப்பது முதலாளியா கூலியா என்று யாருக்கும் உறுதியாகத் தெரியாது. பேச்சை வைத்து ஊகித்துக்கொள்வார்கள். "இன்னிக்கு உள்ள உக்காந்திருக்கறது யாரு?" என்று கேட்பது அங்கே சகஜம்.

இந்த அசிங்கத்துக்கு நடுவில் கில்சு தனக்கென்று ஒரே ஒரு நல்ல காரியத்தை வைத்திருந்தான். சிவப்புக் குகையின் வடக்கு மூலையில் ஒரு சின்ன வீராங்கனை நிற்பாள். பெயர் கெளுத்தி. கையில் மட்டமான கோல், மேலே கந்தல். அங்கே வரும் சில்லறைப் பூதங்களைத் தட்டிக்கொண்டு நிற்பாள். கூட்டத்து ஆட்கள் அவளை வெட்டப் போனபோது கில்சு, அதாவது பனிமலை, வந்து தடுத்தான். "அந்த மூலையை விட்டுடுங்க" என்று எழுதினான். ராஜா சொன்னால் சொன்னதுதான்.

அன்றிலிருந்து தினமும் பதினொன்றரை மணிக்கு கெளுத்தி ஒரு வரி அனுப்புவாள்.

"ராசா, சாப்ட்டீங்களா?"

"இன்னும் இல்லம்மா. இப்பத்தான் கறுப்பு நூடுல்ஸ் சொல்லியிருக்கேன்."

"நூடுல்ஸா, நல்லது. மெல்ல வேண்டிய வேல இல்ல."

ரெண்டு வருஷத்தில் அந்த ஒரு வரி வளர்ந்து அவள் கதை முழுவதும் வந்துவிட்டது. வயது அறுபத்துமூன்று. தெற்கே ஏதோ ஊரில், முதியோர் ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்குத் துணை இருக்கும் வேலை. ஆறு கட்டில், ஆறு கிழவிகள், இவள் ஒருத்தி. ராப்பகல் அதே அறை, கட்டிலுக்குக் கீழே சுருட்டி வைத்த பாய். வெளியே போக முடியாது. போனைத் தலைமாட்டில் சார்ஜில் போட்டு, கெளுத்தியைத் தானாக ஆட விட்டுவிட்டு, கிழவிகளைப் புரட்டிப் படுக்கவைக்கப் போவாள். மாதக் கடைசியில் சேர்ந்த வைரத்தை விற்றால் ஒன்றரை லட்சம், ஒன்றேமுக்கால் லட்சம் வொன் வரும். அதைப் பல் கட்டச் சேர்த்துக்கொண்டிருந்தாள். கீழ்வரிசையில் கடைவாய்ப் பல் ஒன்றுகூட இல்லை.

"நூடுல்ஸ் கூட மஞ்ச முள்ளங்கி குடுப்பான்ல?" என்று ஒருநாள் கேட்டாள்.

"குடுப்பான். ஒரு கிண்ணம்."

"அதக் கடிச்சு நாலு வருசமாச்சு. பல்லு கட்டுனதும் மொத வேல அதான். கறி கூட வேணாம். கடக் முடக்குன்னு முள்ளங்கி கடிக்கணும்."

பனிமலையை ஓட்டுவது முதலாளிதான் என்று அவள் நம்பினாள். "பெரிய மனுசனா இருந்தும் ஏழ மூலைய மதிக்கிறீங்க பாருங்க" என்று ஒருமுறை எழுதினாள். கில்சு அதைத் திருத்தவில்லை. நான் கூலி என்று எழுத இரண்டு நொடி போதும். எழுதவில்லை. அப்படி ஒரு பேர் கிடைக்கும்போது யாருக்குத்தான் விட மனசு வரும். ஆனால் கோளாறு அங்கேதான் ஆரம்பித்தது.

அக்டோபர் மாதம் ஒரு வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு, சிவப்புக் குகையில் பெரிய நாகம் எழுந்தது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை எழும். பனிமலையின் கூட்டத்தில் நாற்பது பேர் சேர்ந்து முக்கால் மணி நேரம் அடித்தார்கள். நாகம் இரைதேடி வடக்கு மூலைக்கு நகர்ந்து, அங்கேயே விழுந்து செத்தது. செத்த இடத்தில் செந்நாகக் கவசம் விழுந்தது. அந்த ராஜ்ஜியம் முழுக்க அப்படி இரண்டுதான் இருந்தன. வெளியில் மூன்று கோடி வொன் போகும்.

கீழே விழுந்த பொருளை யார் பக்கத்தில் இருக்கிறார்களோ அவர்கள் எடுக்கலாம் என்பது விளையாட்டின் விதி. கெளுத்தி பக்கத்தில் நின்றாள். சில்லறை பொறுக்கக் கை வலிக்கிறதென்று, விழுந்ததைத் தானே எடுத்துப் பையில் போடும்படி எப்போதோ அமைத்து வைத்திருந்தாள். நாற்பது பேர் வாளை உறையில் போடுவதற்குள் மூன்று கோடி கெளுத்தியின் பையில் இருந்தது. அந்த நேரத்தில் அவள் நாலாம் கட்டில் கிழவிக்குத் துணி மாற்றிக்கொண்டிருந்தாள்.

திரும்பி வந்து போனைப் பார்த்தபோது முந்நூறு வசை வந்திருந்தது. திருடி, பிச்சைக்காரி, இன்னும் எழுதக் கூசும் வார்த்தைகள். நாற்பது ஆண்பிள்ளைகள் ஒரு கெளுத்தியைச் சுற்றி நின்று காறித் துப்பிக்கொண்டிருந்தார்கள். அவள் பனிமலைக்கு எழுதினாள்.

"ராசா, என்ன நடந்துச்சு? நா போன் பக்கமே இல்ல. எல்லாரும் திருடிங்கறாங்க."

அதற்குள் மேங் போனில் வந்துவிட்டார். அவர் கில்சுவைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, பழைய வேலையும் குடும்பப் பெயரும்தான்.

"டிரைவர் பியோ, அந்த மூலையில ஆள வெச்சது யாரு?"

"நாந்தான் தலைவரே. சின்ன ஆளு, தொந்தரவு இல்லன்னு..."

"தர்ம சத்திரமா நடத்துற? சாயங்காலத்துக்குள்ள கவசம் நம்ம பையில இருக்கணும். இல்லன்னா நீ நாளைக்கி வர வேணாம்."

"சட்டப்படி அது அந்தம்மாவுது..."

"சட்டமா? அவ உன்ன நம்புறாள்ல. பேசி வாங்கு. அதுக்குத்தான சம்பளம்."

கில்சு திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான். அவன் முட்டாள் இல்லை. கெளுத்தி என்ன செய்யலாம் என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். அந்த நிமிடமே விற்றுவிட்டு, விளையாட்டை அழித்துவிட்டுப் போய்விடலாம். கொலைப் பட்டியல் ஆட்கள் அவள் கட்டிலுக்குக் கீழே வந்து வெட்டப்போகிறார்களா? மூன்று கோடி. கீழ்வரிசை, மேல்வரிசை எல்லாம் கட்டி, பாயைத் தூக்கிப் போட்டுவிட்டு ஒரு அறை பார்த்துக்கொண்டு போகலாம். அவளுக்கு அது தெரியவில்லை. சொல்ல ஆள் வேண்டும்.

"குடுக்காதீங்கம்மா. இப்பவே வித்துட்டுப் போயிடுங்க" என்று தட்டினான். அனுப்பும் பொத்தான் மேல் விரலை வைத்தான். பிறகு ஒவ்வொரு எழுத்தாக அழித்தான். அழித்துவிட்டு வேறொன்று எழுதினான்.

"தப்பு ஒங்க மேல இல்லம்மா. கவசத்தத் திருப்பிக் குடுத்துட்டா யாரும் ஒண்ணும் பண்ண மாட்டாங்க. மூலை எப்பவும் ஒங்களுதுதான். நான் வாக்கு தர்றேன்."

பதில் உடனே வந்தது. "இதுக்கு வாக்கு எதுக்கு ராசா. நாப்பது பேரு கஷ்டப்பட்டு அடிச்சது. நா சும்மா நின்னேன். எனக்கு மூலை இருந்தாப் போதும். எங்க வரணும்?"

கோட்டை வாசலுக்கு வரச் சொன்னான். கெளுத்தி வந்தாள். கொடுக்கல் வாங்கல் பெட்டி திறந்தது. அவள் பக்கம் செந்நாகக் கவசம் தகதகவென்று வந்து உட்கார்ந்தது. இவன் பக்கம் காலி. வெறுங்கையோடு பெட்டியை மூடுவது அங்கே மரியாதையில்லை. எதையாவது வைக்க வேண்டும். பனிமலையின் பையில் எட்டு லட்சம் வைரம் இருந்தது. ஐம்பதாயிரம் வைத்தால் அவளுக்கு ஒரு பல். மேங் என்ன, எண்ணியா பார்க்கப்போகிறார்? பார்த்தால்? கில்சு கொஞ்ச நேரம் யோசித்தான். ஒரு வைரம் வைத்தான்.

"இது எதுக்கு ராசா?"

"வெறுங்கையா இருக்கக் கூடாதுன்னுதான்."

"சரி சரி. ராசா குடுத்ததுன்னு விக்காம வெச்சுக்கறேன்."

அவள் சம்மதம் அழுத்தினாள். மூன்று கோடி இந்தப் பக்கம் வந்தது. ஒரு வைரம் அந்தப் பக்கம் போனது. அதன் விலை இருபத்தைந்து வொன். மிட்டாய்கூட வராது.

சனிக்கிழமை மதியம் மேங் அறைக்கு வந்தார். கோல்ஃப் ஆடிவிட்டு இரண்டு கூட்டாளிகளோடு நேரே வந்திருந்தார். மூவருக்கும் முகம் சிவந்திருந்தது. காலுறையைக் கழற்றி விசைப்பலகைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு கில்சுவின் நாற்காலியில் உட்கார்ந்தார். கில்சு பின்னால் நின்றான். கீழே கடையிலிருந்து கறியும் சோஜு சாராயமும் மேலே வந்தன. மேங் கறியைக் கையாலேயே எடுத்துத் தின்றுவிட்டு அதே கையால் மவுசைப் பிடித்தார்.

"பாக்குறீங்களா, இது மூணு கோடி" என்றார் கூட்டாளிகளிடம்.

"இந்த சட்டையா?"

"இத நான் இப்ப ஏத்தப்போறேன்."

ஏற்றுவது என்றால் இதுதான். மந்திரச் சீட்டு ஒன்றைக் கம்பெனியிடம் வாங்கி கவசத்தின் மேல் போட்டால் பலம் ஒரு படி ஏறும். நாலு படிவரை பயமில்லை. அதற்கு மேல் ஒவ்வொரு படியும் சூதாட்டம். தவறினால் பொருளே தூளாகிப் போகும். திரும்ப வராது. புத்தியுள்ளவன் நாலில் நிறுத்துவான். ஆனால் புத்தியுள்ளவன் அந்தச் சீட்டையே வாங்கமாட்டான் என்பது கம்பெனிக்குத் தெரியும்.

"தலைவரே, நாலு போதும்" என்றான் கில்சு.

"டிரைவர் பியோ, வண்டிய நீ ஓட்டறியா நான் ஓட்டறேனா?"

கூட்டாளிகள் சிரித்தார்கள். மேங் அழுத்தினார். ஐந்து. கைதட்டினார்கள். ஆறு. ஒருவர் சோஜு ஊற்றினார். ஏழு. திரை முழுக்கச் சிவப்பாக மின்னியது. எட்டுக்கு அழுத்தும்போது மேங் வாய்க்குள் கறி இருந்தது. கவசம் ஒருமுறை வெள்ளையாகி, பிறகு இல்லாமல் போனது. இரண்டு நொடிகூட ஆகவில்லை. கெளுத்தியின் இரண்டு வரிசைப் பல்லும் ஒரு அறையும் அவள் கட்டிலடிப் பாயிலிருந்து எழுந்திருப்பதும் எல்லாம் சேர்ந்து தூளாகிவிட்டன.

மேங் சிரித்தார். உண்மையாகவே சிரித்தார். "போச்சு" என்றார். அந்தச் சிரிப்பில் வருத்தம் கொஞ்சம்கூட இல்லை.

கூட்டாளி ஒருவர் கேட்டார், "ஏன் போச்சு?"

"பிச்சக்காரி கை பட்ட பொருளு. எப்பிடி நிக்கும்? தீட்டு" என்றார் மேங். சொல்லச் சொல்ல அவருக்கே அது நியாயமாகப் பட்டுவிட்டது. முகம் இறுகியது. "டிரைவர் பியோ, அந்தக் கெளுத்தி இன்னும் நம்ம குகையிலயா இருக்கா?"

"தலைவரே, திருப்பிக் குடுத்தா மூலைய விட்டுடறேன்னு வாக்கு குடுத்திருக்கேன்."

"யாரு வாக்கு?"

"பனிமலை... நான்தான்."

"பனிமலை யாருது?"

"உங்களுது."

"அப்ப வாக்கும் என்னுதுதான? நான் யாருக்கும் குடுக்கலையே." கையைக் காலுறையில் துடைத்துக்கொண்டார். "திங்கக்கிழமையிலேர்ந்து பட்டியல்ல போடு. நீயே வெட்டு. நீதான சத்திரம் தொறந்த, நீயே மூடு."

கில்சு தலையைக் குனிந்து "சரிங்க தலைவரே" என்றான். அந்த அறையில் அது பழகிப்போன பதில். அவர்கள் போனபிறகு விசைப்பலகையிலிருந்த கொழுப்பைத் துடைத்தான். ஒரு வாரத்தில் கம்பெனி புதிதாகக் கருநாகக் கவசம் என்று ஒன்றை விற்பனைக்கு விடும் என்றும், செந்நாகத்தை அதன்பிறகு நாய்கூட சீந்தாது என்றும் அவனுக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை இரவு வீட்டில் சோற்றை அளைந்துகொண்டிருந்தான். சுன்யே பார்த்துவிட்டாள்.

"என்னங்க, ஒடம்பு சரியில்லையா?"

சொன்னான். கவசம், மூலை, பல், எல்லாவற்றையும் சொன்னான். அவள் மீன் முள்ளை எடுத்துக்கொண்டே கேட்டாள்.

"பொம்மைய பொம்மை வெட்டப்போகுது. இதுக்கா சாப்பிடாம இருக்கீங்க?"

"அந்தம்மா பொம்மை இல்ல."

"அப்ப வேலைய விட்டுடுங்க."

கில்சு திரும்பவும் சோற்றை அளைந்தான். சுன்யே அவன் தட்டில் மீனை வைத்தாள். அவள் கெட்டவள் இல்லை. காலை ஐந்து மணிக்கு மாவு பிசையப் போகிறவள். கொஞ்சம் கழித்துக் கேட்டாள்.

"அந்தம்மாவுக்கு உங்க பேரு தெரியுமா?"

"தெரியாது."

"மூஞ்சி?"

"தெரியாது."

"அப்புறம் என்ன" என்றாள் சுன்யே. கில்சு மீனைச் சாப்பிட்டான்.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு தொக்கோ நாற்காலியைவிட்டு எழுந்தபோது, "அண்ணே, ராத்திரியே நான் முடிச்சிருப்பேன். நீங்கதான் வெட்டணும்னு தலைவர் சொல்லிட்டாரு" என்றான். கொட்டாவி விட்டுக்கொண்டே போனான். கில்சு பதினொரு மணிவரை கோட்டையைச் சுற்றி வந்தான். வரி பார்த்தான். செய்ய வேறு வேலை எதுவும் மிச்சமில்லாமல் போனபிறகு சிவப்புக் குகைக்குள் இறங்கினான்.

கெளுத்தி மூலையில் நின்றாள். அதே கோல், அதே கந்தல். ஐம்பது கோடி வொன் ஆயுதத்தோடு பனிமலை போய் ஒரே வெட்டு வெட்டினான். கெளுத்தி விழுந்தாள். விழுந்தால் மூன்று நாள் சேர்த்த பலம் குறையும். இரண்டு நிமிடத்தில் ஊர் வாசலில் உயிர்த்தெழுந்து, நடந்து, திரும்பவும் மூலைக்கே வந்தாள். தானாக ஆட விட்டிருக்க வேண்டும். போன் தலைமாட்டில், அவள் ஏதோ ஒரு கிழவியின் கட்டிலருகில். இரண்டாவது முறை வெட்டினான். இந்த முறை கோல் கீழே விழுந்தது. அதைப் பனிமலையின் பை தானாகவே பொறுக்கிக்கொண்டது. மூன்றாவது முறை அவள் வெறுங்கையோடு வந்தாள். வெட்டினான்.

நாலாவது முறை அவள் வந்தபோது நடை மாறியிருந்தது. நின்று நின்று வந்தாள். கை போனில்தான் இருக்கிறது என்று தெரிந்தது. மூலைக்கு வரவில்லை, குகை வாசலிலேயே நின்றாள். மணி பதினொன்றரை.

கில்சு காத்திருந்தான். திட்டுவாள் என்று நினைத்தான். திட்டினால் நன்றாக இருக்கும் என்று நினைத்தான். வாக்கு குடுத்தீங்களே என்று கேட்டால், மன்னிச்சிடுங்கம்மா நான் ராசா இல்ல, வயித்துக்கு ஆடற கூலி என்று அன்றைக்காவது சொல்லிவிடலாம். அதற்கு வார்த்தைகளைக்கூட அடுக்கி வைத்திருந்தான்.

வரி வந்தது.

"உள்ள உக்காந்திருக்கறது யாருங்க?"

அடுத்த வரியும் வந்தது.

"நீங்க எங்க ராசா இல்லன்னு தெரியும். அவரு வாக்கு குடுத்திருக்காரு, அவரு இப்பிடி செய்ய மாட்டாரு. வேற யாரோ கூலிக்கு உக்காந்திருக்கீங்க. ஒங்கள ஒண்ணும் சொல்லல. பொழப்பு. அவரு இன்னிக்கு வரலையா?"

தப்பிக்கக் கதவு திறந்துதான் இருந்தது. அவளே திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள். நான்தான் அது என்று எழுதினால் அவளுக்கு இருந்த ஒரே ராசாவும் போய்விடுவான். அவளுக்காகத்தான் சொல்லவில்லை என்று பிற்பாடு தனக்குத்தானே சொல்லிக்கொள்ளலாம். மனிதன் இப்படிப்பட்ட சாக்கெல்லாம் நொடியில் தயாரிப்பான். அதில் மட்டும் கில்சுவுக்குப் பதிலாள் தேவைப்படவில்லை.

"ஆமா, அவர் இல்ல. லீவு" என்று எழுதினான்.

"அதான பாத்தேன்" என்று வந்தது. "நா மூலைய காலி பண்ணிட்டேன்னு அவருகிட்ட சொல்லிடுங்க. கோல் போச்சு, இனிமே ஆட முடியாது. அவரு குடுத்த ஒரு வைரம் பத்திரமா இருக்குன்னும் சொல்லுங்க."

"சொல்றேன்."

"சாப்ட்டாரான்னு ஒரு வார்த்த கேளுங்க."

அதோடு கெளுத்தி குகை வாசலிலிருந்து மறைந்தாள். திரும்பி வரவில்லை. கில்சு பட்டியலில் அவள் பெயருக்கு நேரே, காலி செய்யப்பட்டது என்று குறித்தான். மேங் ஒரு கட்டைவிரல் படம் அனுப்பினார்.

பன்னிரண்டு மணிக்குக் கறுப்பு நூடுல்ஸ் வந்தது. கில்சு மேலே ஒட்டியிருந்த காகிதத்தைக் கிழித்தான், கலந்தான், மிச்சம் வைக்காமல் சாப்பிட்டான். கிண்ணத்தில் முள்ளங்கி நாலு துண்டு இருந்தது. ஒன்றை எடுத்து வாயில் போட்டான். அட்டை அடைத்த அந்த அறையில், கடக் முடக்கென்று அவன் மெல்லும் சத்தம் அவனுக்கே கேட்டது. நிறுத்தவில்லை. நாலையும் தின்றான்.